திண்ணையில் ஒரு தலையணை

அன்புள்ள ஐயா,

ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்துக்குப் போயிருந்தேன். குதிரையும் சக்கரமுமாகத் தேர் போலவே இருக்கிறது. இது தாராசுரம் சோழர் கோயிலின் தேர் மண்டபத் தாக்கமா, மராட்டியர் பாணியா? இதுபோன்ற கட்டடங்களை ஓட்டலாக்கினால் பிழைத்துக்கொள்ளாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேரிழுத்து வளர்ந்த ஊரில் தேரைச் செதுக்க யாரும் தாராசுரம் வரை போகவேண்டியதில்லை. ஓட்டல் யோசனைக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

எனக்கு வருத்தம் வேறு. இவ்வளவு பார்த்தவருக்கு, அங்கே யார் படுத்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே! அது என்ன கண்காட்சியா? ராமேசுவரம் போகிறவன் கால் ஓய்ந்து விழுந்த இடம் ஐயா அது. 1799-ல் நாட்டைக் கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், விட்டுக்கொடுத்த தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி, 1801-ல் அந்தக் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் பரிந்து பேசியது இந்தச் சத்திரங்களுக்காகத்தான். பிராமணர் தொடங்கிப் பறையர் வரை, ஜங்கமர், பைராகி என்று ஊர் சுற்றும் துறவிகள், யார் வந்தாலும் சோறு. நோயில் விழுந்தவருக்கு மருந்து, வழியில் பிள்ளை பெற்றவளுக்குப் பராமரிப்பு. நடுநிசியில் மணி அடிப்பார்கள், இன்னும் சாப்பிடாதவர் வரட்டும் என்று. அந்த மணிச்சத்தம் போய்ச் சேரவேண்டிய கட்டடத்தில் நீங்கள் தூணின் பாணியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

எனக்கு ஏழு வயது. தாத்தாவோடு திருவிழாவுக்கு நடந்துபோய், பெயர் மறந்துபோன ஓர் ஊர்ச் சத்திரத்துத் திண்ணையில் படுத்தேன். சுவரோரமாகத் திண்ணை ஒரு சாண் சரிந்து மேலேறியிருந்தது. காரையிலேயே கட்டிவிட்ட தலையணை. மழமழவென்று குளிர்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. தலையைச் சாய்க்கப் போனேன். தாத்தா தடுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் விரித்தார். "நாளைக்குப் படுக்கப்போறவன் தலையில உன் எண்ணெய் ஒட்டணுமாடா?"

வண்டி மாடுகளுக்கு எதிரே அப்படியே தூங்கிப்போனேன்.

எந்தக் கொத்தனோ, எவன் வந்து படுப்பான் என்று தெரியாமல், எவன் கழுத்துக்கும் பொருந்துகிற சரிவைக் கரண்டியால் இழைத்திருக்கிறான். தானே ஒருமுறை படுத்துப் பார்க்காமல் அந்தச் சரிவு வந்திருக்காது. அவன் எந்தப் பாணி? நாயக்கரா, மராட்டியரா? நீங்களே சொல்லுங்கள். நம் வீடுகளிலும் இதே சாய்வு இருந்தது. கிரில் கேட் போட்டபோது முதலில் அதைத்தான் இடித்தோம், என் வீட்டிலும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்தமுறை எந்தச் சத்திரத்துக்குப் போனாலும் கேமராவைப் பையில் போட்டுவிட்டு, திண்ணை இருந்தால் கால்மணி நேரம் படுத்துப் பாருங்கள். காவல்காரர் வந்து எழுப்பினால் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.