ஆன்மிக வளர்ச்சி முதலா, வெளியூழியம் முதலா?

ஏற்காட்டைப் போன்ற மலையூரில் உள்ள சிறு சபை, விசுவாசிகளின் ஆன்மிக வளர்ச்சியை முதலில் கவனிக்க வேண்டுமா, சபைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் செய்யும் வெளியூழியத்தையா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, 1827-இல் சேலத்தில் பணி தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தார் பிரசங்கத்தோடு பள்ளிகளையும் நடத்தினர்.

இன்றைக்குப் பொருத்தமான முன்மாதிரி, தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள அன்பியம் என்ற சிறு குழு. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, இறைவார்த்தையை வாசித்து, அதைத் தங்கள் வாழ்வோடு பொருத்திப் பேசுவதுடன், தெருவில் யார் நோயுற்றிருக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கட்ட வழியில்லை என்பதையும் அங்கேயே விசாரித்து, இயன்ற உதவியைச் சாதி மத வேறுபாடின்றிச் செய்ய முடிகிறது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் வீட்டு ஜெபக்கூட்டங்களும் இவ்வாறு இயங்கலாம், ஒலிபெருக்கி தேவையில்லை.

ஆனால் கூட்ட நேரத்தைச் சபையிலுள்ள காப்பித் தோட்டத் தொழிலாளரே தீர்மானிக்கட்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், எடை போட்டு முடித்து அவர்கள் வீடு திரும்பவே இருட்டிவிடும். அந்த நாள்களில் மாலை ஆறு மணிக் கூட்டம் வைத்துவிட்டு, வருகை குறைந்ததென்று வருந்துவது நியாயமில்லை. யூடியூப் நேரலை படுக்கையிலிருக்கும் முதியோருக்கு உதவும். நேரில் சென்று நலம் விசாரிப்பதற்கு அது ஈடாகாது.