வாட்டில் விறகு ஏன் புகைகிறது, கோடரி ஏன் சிக்குகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறோம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்ச வாட்டில் என்ற வேல வகை மரம் வெட்டி, பிளக்காமல் இரண்டு மாதம் அடுக்கி வைத்தோம். அடுப்பில் வைத்தால் புகைதான் வருகிறது. பிளக்கும்போது கோடரி சிக்கிக்கொள்கிறது, காம்பும் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வாட்டில் நல்ல விறகு, கனல் நின்று எரியும். நீங்கள் பிளக்காமல் உருளையாகவே அடுக்கியதுதான் கோளாறு. மரத்தில் நீரோட்டம் நீளவாக்கில் இருக்கும், பட்டையோ ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். அதனால் முழுக்கட்டை பெரும்பாலும் இரு முனை வழியாகத்தான் உலரும். பத்துக் கிலோ பச்சை விறகில் நான்கு கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். அது ஆவியாகும்வரை அடுப்பில் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகவே போய்விடும்.

வெட்டிய வாரமே ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். பச்சையில் வாட்டில் நேராகப் பிளக்கும், காய்ந்தபின் முரண்டும். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இரண்டு கழி போட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போதும். தார்ப்பாயால் சுற்றி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் ஊரில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழை. ஆகவே சித்திரை, வைகாசியில் வெட்டிப் பிளந்து அடுத்த ஆண்டு ஆடிக்கு எடுப்பதுதான் நிம்மதி. இந்த ஆடிக்கே வேண்டுமென்றால், இருப்பதை இரண்டு விரல் பருமனுக்குப் பிளந்து வெயிலில் பரப்புங்கள். இரண்டு துண்டுக்குச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் விறகு தயார். ஒன்றோடொன்று தட்டினால் மந்தமாக ஒலிக்காமல் கணீரென்று கேட்கும்.

கோடரி சிக்குவதற்குக் காரணம், அது மரம் வீழ்த்தும் கோடரியாக இருக்கலாம். அதன் வாய் மெல்லியது: மரத்துக்குள் இறங்கும், பிளவை விரிக்காது. பிளக்க 2 கிலோவுக்கு மேல் எடையும் 30 பாகைக்குக் குறையாத வாய்க்கோணமும் உள்ள கனத்த கோடரி தேவை. கட்டையைக் கணு கீழே வரும்படி நிறுத்தி, பருத்த கட்டையானால் நடுவை விட்டு ஓரத்திலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். சிக்கிய கோடரியின் முதுகில் சம்மட்டியால் அடிக்காதீர்கள். காம்புத் துளை விரிந்து கோடரியே பாழாகும்.

தீட்டுவதற்கு அரம் போதும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். மறுபக்கம் பிசிறு எழுந்ததும் திருப்பி, கடைசியில் சாணைக்கல்லால் எடுங்கள். மின்சாணையில் வாய் நீலம் பாய்ந்தால் துவைச்சல் (இரும்புக்கு ஏற்றிய கடினம்) போயிற்று, பிறகு கூர் நிற்காது.

காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பது வழக்கம். அது ஒருநாள் வைத்தியம். உப்பிய மரநார் துளைக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்பைவிட அதிகம் ஆடும். கோடரித் தலை கீழே தொங்கும்படி பிடித்துக் காம்பின் அடிமுனையைச் சுத்தியலால் தட்டுங்கள், தலை காம்பில் ஏறி இறுகும். பிறகு பழைய ஆப்பை எடுத்து, நன்கு காய்ந்த வைர மரத்தில் புது ஆப்பு அடித்து, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்.

வாட்டில் போதாமல் வேறு மரம் சேர்க்க நேர்ந்தால் தம்போட்டியையும் அரளியையும் தொடவே தொடாதீர்கள். தம்போட்டி கனமான, மணமுள்ள மரம் என்பதால் ஆசை காட்டும். ஆனால் அதன் புகை பட்ட உணவு வாந்தி, பேதி உண்டாக்கும்; ஊரே உண்ணும் கூழ் அது. மருந்தேற்றிய பச்சை நிற வேலிக்கம்பமும் கூடாது, அதில் ஆர்செனிக் இருக்கும்.

பட்டையில் குண்டூசித் தலையளவு துளைகள் தெரிந்தால் அந்த விறகை டர்பன் நகரத்து உறவினருக்கு ஏற்றி அனுப்ப வேண்டாம். மரங்களைக் கொல்லும் துளைவண்டு தென்னாப்பிரிக்காவில் 2017இல் முதலில் கண்டறியப்பட்டது உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான். அது விறகோடு ஊர் விட்டு ஊர் போகிறது. அப்படிப்பட்ட கட்டையை வெட்டிய இடத்திலேயே எரித்துவிடுங்கள்.