மூன்றாவது நீட்டும் வேண்டாம், மனையை விற்கவும் வேண்டாம்: ஆத்தங்குடி அண்ணனுக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆத்தங்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா தரையில் பதிக்கிற பூக்கல் பட்டறை வைத்திருக்கிறார், அம்மா அதற்குக் கணக்குப் பார்க்கிறார், மகள் இரண்டு தடவை நீட் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலாவது ஆளாகச் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா, போன் ஸ்பீக்கரில். ஒன்று மூன்றாவது தடவை எழுதணும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் மருத்துவம், இரண்டில் ஒன்று இந்த மாதமே முடிவாகணும் என்றார். ஏஜெண்ட் மொத்தம் 35 லட்சம் கேட்கிறார், முன்பணம் 3 லட்சம். பள்ளத்தூர் ரோட்டில் இருக்கிற மனைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. "தம்பி, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அந்த அம்மா அழுதார்.

பத்து நிமிஷம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் அதை நிறுத்திவிட்டு, படிக்காத நேரத்தில் வீட்டில் என்ன செய்வாய் என்று மகளிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிப் போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். கல் வார்க்கிற கண்ணாடியில் உடைந்து விழுந்த துண்டுகளில் வாசலின் தடவி, சாயப்பொடி சலிக்கிற இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று வைத்திருக்கிறாள். மறுநாள் எடுத்துப் போய்ப் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஒரு கட்டத்துக்குள் எத்தனை துகள் என்று எண்ணி, தேதி, நேரம், ஃபேன் ஓடியதா இல்லையா என்பதுவரை நோட்டில் எழுதியிருக்கிறாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, "சலிக்கிற மாமா இருமிக்கிட்டே இருக்காங்க, அந்தத் தூசி உள்ள போனா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியலை, அதான்" என்றாள்.

அண்ணே, அண்ணி, அன்றைக்குப் பெரியப்பா பேசிய வேகத்தில் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மகள் கேட்ட அந்தக் கேள்வியை மட்டுமே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சுவழி நச்சியல் என்று அதற்குப் பெயர். நம் பக்கத்தில் இதை யாரும் சொல்வதில்லை, பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

முதலில் வெளிநாட்டு மருத்துவத்தை முடித்துவிடுகிறேன். இப்போதைய விதிப்படி அங்கே குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுத்தாகணும், அதற்கும் மேல் இங்கே 12 மாதம் பயிற்சி. இத்தனைக்கும் பிறகு வெறும் எம்பிபிஎஸ்தான், மேற்படிப்புக்கு மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு. டாக்டர் ஆகணும் என்று அந்தப் பெண் ஒரு தடவையாவது வாய் திறந்து சொன்னாளா? நான் கேட்டபோது அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். மனையை விற்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை, அதைத் தயவு தாட்சண்யமில்லாமல் சொல்கிறேன். இன்ஜினியரிங், மற்ற வழிகளைப் பற்றி உங்களுக்கே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை.

சரி, அந்த வேலை எப்படி இருக்கும்? அரிய மண் உலோகங்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், இப்போது உலகமே அதன் பின்னால் ஓடுகிறது. மொத்தம் 17 தனிமங்கள். நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட் என்ற தாதுவில் இவை உண்டு. மின்சார வண்டி மோட்டாருக்குள் இருக்கிற காந்தம் நியோடிமியம், கண்ணாடியையும் லென்ஸையும் பளபளப்பாக்குகிற பொடி சீரியம் ஆக்சைடு. 2025 ஏப்ரலில் சீனா இவற்றில் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் எல்லா நாடும் தானே தயாரிக்கக் கிளம்பிவிட்டது. தயாரிக்கிற இடத்தில் எல்லாமே பொடி, அந்தப் பொடியைச் சலிக்கவும் மூட்டை பிடிக்கவும் ஒரு ஆள் நின்றாக வேண்டும். பழைய சினிமாக் கொட்டகைப் புரொஜெக்டரில் எரிந்த கார்பன் குச்சிக்குள் இந்தத் தனிமங்கள் இருந்தன. அந்த மாதிரி ஆர்க் விளக்கின் புகையை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களில் சிலருடைய நுரையீரலில் இந்தத் துகள்கள் படிந்து நோயானதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நோய் தந்தது இந்த உலோகமா, கூடவே கலந்திருந்த கதிரியக்கத் தோரியமா என்ற விவாதம் ரொம்ப நாள் நடந்தது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் சோதனை வேண்டும்.

ஐரோப்பாவில் 2007இலிருந்து ரீச் என்று ஒரு சட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 10 டன்னுக்கு மேல் ஒரு ரசாயனப் பொருளை அங்கே கொண்டுபோகிறவர், ஆட்கள் அதைச் சுவாசிக்க வாய்ப்பிருந்தால், சுவாசித்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்குக் காட்டணும். ஒரு நாட்டின் சோதனை அறிக்கையை மற்ற நாடுகளும் ஏற்கிற பன்னாட்டு ஏற்பாட்டில் 2011இல் இந்தியா முழுமையாகச் சேர்ந்ததால், ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று வாங்கிய நம் ஆய்வுக்கூடத்தின் அறிக்கை அங்கேயும் செல்லும். வேலை இங்கே வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். நடுவில் ஒரு உலோகத் தூண், சுற்றிலும் குழாய்கள், ஒவ்வொரு குழாயிலும் ஒரு எலி, மூக்கு மட்டும் உள்ளே நீட்டியிருக்கும். தூணுக்குள் பொடியைக் காற்றில் கலந்து விடுகிறார்கள். ஒரே தடவைச் சோதனை என்றால் 4 மணி நேரம் விட்டு, 14 நாள் கவனிப்பார்கள். தொடர் சோதனை என்றால் நாளைக்கு 6 மணி நேரம் வீதம் 28 நாள் அல்லது 90 நாள். கேட்க லேசாகத் தெரியும், ஆனால் பொடி சொன்னபடி கேட்காது. லாந்தனம் ஆக்சைடு காற்றிலிருக்கிற ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு வேறு பொருளாகிவிடும், அதன் குளோரைடு ஈரத்தில் கசிந்தே போகும். சீரியம் ஆக்சைடு தண்ணீரைப் போல ஏழு மடங்கு கனம், அதனால் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் காற்றில் கிட்டத்தட்ட 2.7 மைக்ரான் துகள் மாதிரி நடந்துகொள்ளும். எலியின் நுரையீரல்வரை போகணுமென்றால் ஒரே தடவைச் சோதனையில் துகளின் நடு அளவு 1 முதல் 4 மைக்ரானுக்குள் நிற்கணும், தொடர் சோதனையில் 2 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. அது நிற்கிறதா என்று பார்க்க அடுக்கடுக்காகத் தட்டு வைத்த ஒரு கருவி உண்டு. பெரிய துகள் மேல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும், சின்னது கீழே கீழே இறங்கும், ஒவ்வொரு தட்டையும் நுண்தராசில் எடை போடணும். உங்கள் மகள் வாசலின் தடவிய கண்ணாடியில் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான், அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

கடைசியில் நுரையீரலை உப்புநீரால் கழுவி, அதில் அழற்சிச் செல்கள் எத்தனை என்று எண்ணுவார்கள், திசுவைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கரையாத ஆக்சைடு நுரையீரலிலும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளிலும் மாதக்கணக்கில் தங்கும், கரைகிற உப்பு கல்லீரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேரும். எழுதுவது எல்லாம் பேனாவில், தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்தும் தேதியும் வைக்கணும், கீழே இருக்கிற தப்பு படிக்கத் தெரியணும். எங்கள் ஐயா ரங்கூனில் பேரேடு எழுதியவர், அவரும் இப்படித்தான் ஒரு எண்ணைக்கூட அழிக்க விடமாட்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த எலிகள் கடைசியில் சாகும். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது, தேவைக்கு மேல் ஒன்று வைத்துக்கொள்ளவும் முடியாது, இருந்தாலும் சாகும். இதை உங்கள் மகளிடம் தனியாக, பெரியப்பா போனில் இல்லாதபோது கேளுங்கள். அவள் மனசு ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். துகள் அளக்கிற பக்கமும், தட்டில் வளர்த்த நுரையீரல் செல்லில் சோதிக்கிற பக்கமும் இருக்கின்றன.

போகிற வழி இரண்டு. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் இல்லை, பிளஸ் டூ கட் ஆஃப்தான். ஐந்தரை வருடம் படித்து, நோய்க்குறியியலில் மேற்படிப்பு முடித்தால் அந்தத் திசுவைப் பார்க்கிற ஆளாகலாம். பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது. 200க்கு அவள் வைத்திருக்கிற 188 கட் ஆஃபுக்கு அது கஷ்டம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதனால் நான் அழுத்திச் சொல்வது பி.பார்ம் என்கிற பார்மசிப் பட்டப்படிப்பு, நாலு வருடம், இதற்கும் நீட் இல்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது, அரசுக் கட்டணம். விண்ணப்பத்தில் அதை முதலில் போடுங்கள். அதன்பின் ஜிபாட் என்கிற பார்மசி மேற்படிப்புத் தகுதித் தேர்வில் தேறி, நைப்பர் என்கிற மத்திய அரசுப் பார்மசி கல்வி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வும் எழுதி, அங்கே நச்சியல் மேற்படிப்பு. அந்த இரண்டு வருடமும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், உங்கள் கையிலிருந்து போகிறது குறையும். லக்னோவில் நச்சியலுக்கென்றே மத்திய அரசின் ஐஐடிஆர் என்கிற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, படப்பையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, மற்றபடி பெங்களூரு, ஹைதராபாத், குஜராத் பக்கம் போக வேண்டியிருக்கும். ஆரம்பச் சம்பளம் சாப்ட்வேர்க்காரர்கள் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மூச்சுவழிச் சோதனையைத் தனியாக நின்று நடத்தத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் நாலைந்து வருடம் பொறுத்தவர்களுக்கு மரியாதை தானாக வருகிறது.

முன்பணம் கட்டக் கடைசி நாள் 28ஆம் தேதி என்றீர்கள். கட்டாதீர்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம் அண்ணே, சாயப்பொடி சலிக்கிறவரை இந்த வாரமே காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள், போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். நோட்டில் முதல் பக்கத்துத் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது.