5 டன் பெல்ட் 2 போட்டால் 10 டன் சுமை நிற்குமா?

கேள்வி: பிரிட்டனில் லாரி நிறுவனம் ஒன்றில் டிரான்ஸ்போர்ட் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன். பெல்ட் லேபிளில் 5 டன் என்று இருக்கிறது. 10 டன் பேலட் சரக்குக்கு 2 பெல்ட் போதாதா?

போதாது. அந்த 5 டன், பெல்ட் தாங்கும் இழுவை. சரக்கின் மேலே போட்டு இறுக்கும்போது அது சுமையைப் பிடித்து நிறுத்துவதில்லை, தளத்தோடு அழுத்துகிறது, அவ்வளவுதான். அழுத்தம் எவ்வளவு என்பதை அதே லேபிளில் எஸ்.டி.எஃப். (STF, கையால் இறுக்கும்போது பெல்ட்டில் ஏறும் இழுவை) என்ற எண் சொல்லும். சாதாரண ராட்செட்டில் (பெல்ட்டை இறுக்கும் கைப்பிடி) அது 350 கிலோ அளவில்தான் இருக்கும். இரு பக்கமும் சேர்த்தால் 700.

பிரிட்டனின் விதி: முன்பக்கம் சுமையின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்புறமும் பாதி எடையையும் கட்டு தாங்க வேண்டும். சரக்குக்கும் தளத்துக்கும் இடையே உராய்வு 0.3 என்று வையுங்கள். 10 டன்னில் 3 டன்னை உராய்வே பார்த்துக்கொள்ளும். முன்பக்கத்துக்கு மீதி 7 டன். ஒரு பெல்ட் தருவது 700-இல் 0.3, அதாவது 210 கிலோ. கணக்குப்படி 34 பெல்ட்! யாரும் கட்டப்போவதில்லை.

அதனால்தான் சரக்கை முன்சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டி அடுக்கச் சொல்கிறார்கள். சுவர் அந்த விசையைத் தாங்கும் பலமுள்ளதாக இருந்தால் பக்கவாட்டு, பின்புறக் கணக்குதான் மிச்சம்: பாதி எடை 5 டன்னில் உராய்வின் 3 போக 2 டன், 10 பெல்ட். அடியில் ரப்பர் பாய் விரித்து உராய்வு 0.6 ஆனால் அதுவும் வெகுவாகக் குறையும். என்னைக் கேட்டால் முதல் செலவு பாய்க்குத்தான்.

அப்புறம், கொஞ்ச தூரம் ஓடியதும் சரக்கு அமர்ந்து பெல்ட் தளரும். நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.