என் ஓய்வுப் பணத்தால் மகனின் வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 60, மனைவிக்கு 56. போன மாதம் ஓய்வு பெற்றேன், பென்ஷன் கிடையாது. கைக்கு வந்த மொத்தப் பணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மகனின் வீட்டுக் கடன் பாக்கி 70. எங்கள் இருவரின் வருடச் செலவு 6. நான் ஒரு நாள்கூடக் கடனோடு தூங்கியதில்லை. அவனோ ஆறு வருடமாக 72 தவணை கட்டியும் கடன் குறைந்தபாடில்லை. 70-ஐ வாங்கிக் கடனை முடி, அப்புறம் நீ கட்டுகிற தவணையில் பாதியை மாதாமாதம் எங்களுக்குக் கொடு என்றேன். "வேண்டாம்ப்பா, அந்தப் பணத்தை நீங்களே வச்சுக்கோங்க, வேணும்னா இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?" என்கிறான். பெற்றவர்களை இப்போதே செலவுக் கணக்கில் எழுதிவிட்டான். இரண்டு வாரமாகச் சரியான பேச்சில்லை. இந்தத் தலைமுறைக்குக் கடன் என்றால் பயமே கிடையாதா? எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள். நான் சொன்னதில் என்ன தப்பு?

பதில்: ஐயா, பணத்தைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பின்னால் எழுதப்போவதில் பாதி உங்கள் பக்கம்தான் பேசும், அதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு வங்கிக்குக் கிளம்பிவிடக் கூடாது.

உங்கள் 100-ஐ எங்கே போட்டாலும் விலைவாசி ஏறுகிற அளவுக்குத்தான் வளரும் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 6 எடுத்தால் பதினாறரை வருடம் சொச்சம் வரும். உங்களுக்கு 76 ஆகும்போது பணம் தீரும், உங்கள் மனைவிக்கு அப்போது 72தான். 70-ஐக் கொடுத்துவிட்டால் மீதி 30. ஐந்து வருடம். உங்களுக்கு 65, அவருக்கு 61. அதற்குப் பிறகு?

அதற்குத்தானே தவணையில் பாதியைக் கேட்டேன் என்பீர்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்று எடுத்துக்கொண்டால், அவர் வருடத்துக்குக் கட்டுவது உங்கள் அளவுகோலில் சுமார் 8.8. பாதி 4.4. மீதி 1.6-ஐ உங்கள் 30-லிருந்து எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் இடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 6 பன்னிரண்டு வருடத்தில் 12 ஆகிவிடும். மகன் கொடுக்கிற 4.4 அப்படியே 4.4-ஆகத்தான் நிற்கும், கூட்டிக் கொடு என்று நீங்கள் கேட்டால் ஒழிய.

கேட்பீர்களா? இதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். நீங்கள் போட்ட திட்டத்தைச் சுருக்கிச் சொன்னால், வங்கி உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் நீங்கள் போய் உட்காரப் பார்க்கிறீர்கள். வங்கி வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் கடன் கொடுத்திருக்கிறது. ஒரு தவணை தவறினால் மூன்றாம் நாள் போன் வரும். உங்களிடம் பத்திரமும் இருக்காது, போன் போடவும் மனசு வராது. ஒரு மாதம் அவர் கொடுக்க மறந்தால், மறந்துதான் போனார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வாயைத் திறக்காமல் அந்த மாதம் மாத்திரை வாங்குவதைத் தள்ளிப்போடுவீர்கள். நீங்கள் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் அப்படிப்பட்ட ஆள் என்றுதான் தோன்றுகிறது.

சரி, இப்போது உங்கள் பக்கம்.

72 தவணை கட்டியும் கடன் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிரமை இல்லை. மகன் வாங்கியதை 1,000 என்று வையுங்கள், மாதத் தவணை 9. முதல் தவணையில் ஏழரை வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது ஒன்றரைதான். ஆறு வருடத்தில் அவர் 648 கட்டியிருப்பார், அசலில் கழிந்தது சுமார் 142. இன்னும் 858 நிற்கிறது. இருபது வருடமும் இப்படியே போனால் 1,000-க்கு 2,160 கட்டியிருப்பார். கடனே வாங்காமல் வாழ்ந்த ஒருவர் இந்தத் தாளைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். உங்கள் மகனுக்கு எரியாததற்குக் காரணம் தைரியம் மட்டும் இல்லை. அவர் பார்ப்பது செல்போன் செயலியில் மாதம் ஒருமுறை வந்துபோகிற ஒற்றை எண், வட்டி தனி அசல் தனி என்று பிரித்து வரிசையாக அச்சிட்ட தாளை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

"இந்தத் தலைமுறைக்குப் பயமே இல்லையா" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பயம் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் பல பத்தாண்டுத் தகவல்களை வைத்து அவர்கள் கண்டது இது: தன் வாழ்நாளில் பங்குச் சந்தை மோசமாக இருந்ததைப் பார்த்தவர்கள் பிற்காலத்திலும் பங்கில் பணம் போடத் தயங்குகிறார்கள். அண்மையில் பட்டதற்குத்தான் கனம் அதிகம், ஆனால் இளம் வயதில் பட்டதும் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட முழுதாக மறைவதில்லை. புத்தகத்தில் படித்த வரலாறு அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை, தான் பட்டதுதான் ஒட்டுகிறது. பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 1979 நவம்பரில் 17 சதவீதம், அதே வங்கியில் 2020 மார்ச்சில் 0.1 சதவீதம். முதல் எண் இருந்த காலத்தில் வளர்ந்தவருக்குக் கடன் என்றால் நெருப்பு, போட்டு வைத்த பணம் என்றால் பாதுகாப்பு. இரண்டாவது எண்ணில் வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கடன் மலிவான சரக்கு, சும்மா கிடக்கிற பணம்தான் கரைகிற பணம். அந்தந்தக் காலத்துக்கு இரண்டு பேருமே சரி.

நான் முதல் முதலாக வாங்கிய கிரெடிட் கார்டை என் அப்பா கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மூன்று மாதம் கோபம். அவருடைய அண்ணன் கைமாற்றுக் கடனில் வீட்டை இழந்த கதை எனக்குத் தெரிய வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து, அதுவும் அத்தை சொல்லித்தான். அதை அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால் நானே வெட்டியிருப்பேனோ என்னவோ. உங்களைக் கேட்கிறேன், கடன் வாங்கக் கூடாது என்று முடிவு செய்த நாள் ஒன்று உங்களுக்கும் இருக்கும், அதை மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா?

மகன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கிற நிதியில், போடுங்கள் என்பது அவருக்கு நல்ல யோசனை, உங்களுக்கு இல்லை, மொத்தப் பணத்துக்கும் என்றால் நிச்சயம் இல்லை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கு மேல் விழுந்தது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். விழுந்த சந்தை எழுந்துவிடும் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதுவரை நீங்கள் சாப்பிட வேண்டுமே. 100 பாதியாகி 50-இல் நிற்கும்போதும் உங்களுக்கு 6 வேண்டும், அதாவது இருப்பதில் 12 சதவீதத்தை விழுந்த விலைக்கு விற்றுச் செலவு செய்வீர்கள், விற்றது திரும்ப எழாது. மகனுக்குச் சந்தை விழுந்தாலும் அடுத்த மாதம் சம்பளம் வரும், குறைந்த விலைக்கு வாங்கிப் போடுவார். உங்களுக்குச் சம்பளம் நின்று ஒரு மாதம் ஆகிறது. உங்கள் இருவரின் சண்டைக்குள் வயது வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி இந்த ஒரு வித்தியாசம்தான்.

அதற்காக எல்லாவற்றையும் வைப்புத்தொகையில் பூட்டிவிடாதீர்கள், விலைவாசி ஏறி 6 செலவு 12 ஆகும் என்று மேலே சொன்னேனே, அது அங்கேதான் உங்களைப் பிடிக்கும். என்னைக் கேட்டால், இரண்டு வருடச் செலவான 12-ஐ எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவத்துக்கு இன்னொரு 10 தனியாக. பெரும்பகுதி வட்டி நிச்சயமான இடத்தில், ஒரே தேதியில் முடியாமல் வெவ்வேறு வருடங்களில் முதிர்கிற மாதிரி. பத்து வருடத்துக்குத் தொட மாட்டோம் என்று உறுதியாகத் தெரிகிற ஒரு 20-ஐ மட்டும் மகன் சொல்கிற இடத்தில், அதுவும் ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் பிரித்து. சந்தை விழுகிற செய்தி வந்தால் தூக்கம் போய்விடும் என்றால் 10 போதும், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கடனைக் குறைக்க உங்கள் பணம் தேவையே இல்லை, மகனின் சம்பள உயர்வு போதும். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மீதி 14 வருடம் ஏறக்குறைய 12 ஆகிவிடும். இந்த வருடத்திலிருந்து தவணையையே வருடம் 5 சதவீதம் ஏற்றிக்கொண்டு போனால் ஒன்பதரை வருடத்துக்குள் முடிந்துவிடும். இதை வங்கியில் எழுதிக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும், தவணைக்காலம் குறைய வேண்டும். வட்டி மாறுகிற கடனாக இருந்தால் வட்டி ஏறியபோது தவணை அப்படியே இருக்க, காலம் சத்தமில்லாமல் நீண்டிருக்கக்கூடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வயிறெரிந்த அந்தத் தாளை வைத்துக்கொண்டு இதைப் பேசினால் அவர் கேட்பார், "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

அப்புறம், கடன் இருக்கிற மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற உங்கள் பயம். அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் 70-ஐ அப்படியே தூக்கிக் கொடுக்க நினைக்கிறவருக்குள் அது இல்லாமல் இருக்காது. அதற்கு மருந்து டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தருகிற காப்பீடு, கடன் பாக்கியை விடப் பெரிய தொகைக்கு. கூடவே வேலை போனால் ஆறு மாதத் தவணை கட்டுகிற அளவுக்கு ஒரு இருப்பு. இந்த இரண்டும் இருக்கிறதா என்று மகனைக் கேளுங்கள். இல்லை என்றால், கடனைப் பற்றி அவருக்கிருக்கும் அலட்சியத்தில் உங்கள் பேச்சு நியாயம், அதை நான் எழுதிக் கொடுக்கத் தயார். முதல் வருடப் பிரீமியத்தை நீங்கள் கட்டுகிறேன் என்று சொன்னால் அதுவும் ஒரு கொடைதான், 70-ஐவிட மிகச் சிறியது, ஆனால் அவர் மறுக்க முடியாதது.

கடைசியாக அந்த வாக்கியம். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?" இதை நான் நான்கு தடவை படித்தேன். செலவுக் கணக்கில் எழுதுகிறவர் பேசுகிற பேச்சு இது இல்லை ஐயா. 70-ஐ வாங்கியிருந்தால் அவருக்குத்தான் லாபம், மாதத் தவணையில் பாதி இன்றைக்கே மிச்சம், வேண்டாம் என்றிருக்கிறார். உங்களுக்கு ஒன்று என்றால் வேறு யார் பார்ப்பது என்று கேட்கவில்லை, நான் யாரிடம் போய் நிற்பது என்றுதான் கேட்டிருக்கிறார், நிற்கப்போவது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சொன்ன விதம் கரடுமுரடு, அது உண்மை. பயந்துபோன ஆள் எண்களைப் பிடித்துக்கொண்டு பேசினால் அப்படித்தான் கேட்கும். நீங்களும் பயத்தைத்தான் பணமாக நீட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் மகளுக்கு ஒரே ஒரு வரி. மொத்தத்தில் 70-ஐ ஒரு பிள்ளையின் வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அந்த ஒரு வரி பின்னால் பெரிய கதையாகியிருக்கும். இப்போது மகனோடு உட்காரும்போது மகளையும் மனைவியையும் கூப்பிடுங்கள், பணம் எங்கெங்கே இருக்கிறது என்று நான்கு பேருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதுங்கள். கணக்குகள் எல்லாம் இப்போது உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால் மனைவி பெயரையும் சேர்த்துவிடுங்கள், நாமினி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உயிலும் எழுதிவிடுங்கள். இந்த வேலையை இந்த வாரமே செய்யலாம், மகனோடு பேச்சு சரியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.