பையனுக்கு எந்த ஸ்டென்ட்? முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,500 ரூபாய். ஏழு வயது மகனுக்குச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் அடைத்திருக்கிறது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேசரால் உடைக்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு சிறு குழாய் வைப்பார்களாம். சாதாரண ஸ்டென்ட் 3,000 ரூபாய், ஆனால் அதை எடுக்க மறுபடியும் மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்கு 18,000 ரூபாய் என்கிறார்கள். நூல் வைத்தது 3,500. காந்தம் வைத்தது 11,000. எது கட்டுப்படியாகும்? மனைவியின் சங்கிலியை மூன்று வட்டிக்கு அடகு வைக்கப் பேசியிருக்கிறேன். முதல்வர் காப்பீட்டு அட்டை கிடைக்குமா?

பதில்: சங்கிலியை இப்போதைக்கு அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பிடித்தங்களைப் பாருங்கள். 16,500 ரூபாய்க்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம், சீட்டில் 124 ரூபாய் என்று இருக்கும். உங்கள் நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான இந்தத் திட்டத்தில் மனைவி, பிள்ளைகளின் சிகிச்சையும் அடங்கும். செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் எத்தனையோ பேர் இதைச் சளி, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும் இடமாக மட்டும் நினைத்துவிட்டு, பெரிய செலவு வரும்போது வட்டிக்கு ஓடுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம். கடிதம் இல்லாமல் நீங்களாகப் போய்ச் சிகிச்சை செய்துகொண்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மகனின் பெயர் உங்கள் இ.எஸ்.ஐ. பதிவில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியின் பணியாளர் பிரிவில் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது தேதி கொடுத்துள்ள மருத்துவமனை ஒப்பந்தப் பட்டியலில் இல்லாமலும் போகலாம். அப்படியானால், தேதியைத் தள்ளினால் பையனுக்கு ஆபத்து இல்லையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இடத்தை மாற்றுங்கள். அடைப்போடு காய்ச்சல் வந்தால் மட்டும் எந்தக் கடிதத்துக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுடையது 1,98,000. குறைத்து வருமானச் சான்று வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி ஸ்டென்ட். கல்லை உடைத்தெடுத்த பிறகு அந்த மெல்லிய குழாய் வீங்கிக்கொண்டு சிறுநீரை மறிக்காமலிருக்க உள்ளே வைக்கும் சிறு குழாய்தான் அது. இரண்டு முனையும் கொக்கிபோல் சுருண்டிருக்கும். ஒன்று சிறுநீரகத்தில், மற்றொன்று சிறுநீர்ப்பையில். வைப்பது கல் எடுக்கும் அதே மயக்கத்தில் முடிந்துவிடுகிறது. செலவு பிரிவது எடுக்கும்போதுதான். பெரியவர்களுக்கு ஜெல் தடவி மரக்கச் செய்து, கேமராக் கருவியை உள்ளே விட்டு எடுத்துவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை அசையாமல் படுத்திருக்குமா? அதனால் மறுபடி பட்டினி, மறுபடி மயக்கம், மறுபடி ஆபரேஷன் தியேட்டர். ஆகவே உங்கள் 3,000 ரூபாய் ஸ்டென்டின் உண்மையான விலை 21,000. அதோடு உங்கள் சம்பளம் போகும் நாட்களும் ராணிப்பேட்டை முத்துக்கடையிலிருந்து வேலூருக்குப் பஸ் செலவும்.

நூல் வைத்ததில் ஒரு மெல்லிய நூல் சிறுநீர்த் துவாரம் வழியாக வெளியே வந்திருக்கும். அதைத் தோலோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டிவைப்பார்கள். குறித்த நாளில் பெரும்பாலும் வெளிநோயாளிப் பிரிவிலேயே இழுத்து எடுத்துவிடலாம். காசுக்கணக்கில் இதுதான் மலிவு. ஆனால் உங்கள் மகனை உங்களுக்குத் தெரியும். கால்சட்டையில் சிக்கியோ, அரிக்கிறது என்று அவனே பிடித்து இழுத்தோ முன்கூட்டியே வந்துவிட்டால், வீக்கம் வடியாத நிலையில் மறுபடி ஒன்று வைக்க நேரலாம். அந்தச் சில நாட்கள் உங்களில் ஒருவர் அவன் பக்கத்திலேயே இருக்க முடியுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

காந்த ஸ்டென்டில் சிறுநீர்ப்பையில் இருக்கும் முனையில் சிறு காந்தம் இருக்கும். அதை ஈர்க்கும் இன்னொரு காந்தம் கொண்ட மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியாகச் செலுத்தி, ஒட்டிக்கொண்டதும் இழுத்துவிடுவார்கள். கேமராக் கருவி வேண்டாம். 11,000 கொடுப்பதில் லாபம் இருப்பது, எடுக்கும்போது மயக்கம் தேவைப்படாவிட்டால்தான். சிறு பையன்களின் சிறுநீர்த் துவாரம் குறுகலானது. அவனுக்கும் மயக்கம் வேண்டும் என்றால் கூடுதலாகக் கொடுத்த எட்டாயிரத்தில் என்ன மிச்சம்? நீளமும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயதோடு பத்தைக் கூட்டி வரும் சென்டிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு; உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 17. அந்த அளவில் காந்த ஸ்டென்ட் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா? சிக்கலில்லாமல் முடிந்தால் சில பிள்ளைகளுக்கு எதுவும் வைப்பதில்லை; சிலருக்கு ஓரிரு நாள் மட்டும் ஒரு மெல்லிய குழாயை வைத்து வார்டிலேயே எடுத்துவிடுகிறார்கள். எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். விலையைப் பார்த்து நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவாளர் குடும்பம் என்னிடம் வந்தது. மகளுக்குச் சாதாரண ஸ்டென்ட். ஆறு வாரத்தில் வரச் சொன்னார்கள். எடுக்கும் பணத்துக்குச் சீட்டுப் பணத்தை நம்பியிருந்தார்கள். சீட்டு தள்ளிப்போனது, பிள்ளையும் வலி என்று சொல்லவில்லை, ஏழு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் ஸ்டென்டின் மேலேயே கல் படிந்து இறுகிவிட்டது. சாதாரணமாக உருவ வேண்டியதற்கு மறுபடி லேசர் தேவைப்பட்டது. அந்தத் தாய் ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் அடுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் எந்த ஸ்டென்ட் ஆனாலும், எடுக்கும் பணத்தை ஆபரேஷனுக்கு முன்பே தனியாக ஒதுக்கிவிடுங்கள். இ.எஸ்.ஐ. வழியாகப் போனால், எடுப்பதும் அதில் அடங்குமா, அதற்குப் புதுக் கடிதம் வேண்டுமா என்று கடிதம் கொடுப்பவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பணம் குறைந்தால் நகையை வங்கியில் வையுங்கள். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 40,000 ரூபாய்க்கு மாதம் 1,200 வட்டிக்கே போகும். வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒருமுறை விசாரியுங்கள்.

ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியைச் சொன்னவுடன், வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தாளின் மேல் பெரிதாக எழுதி, ஒரு வாரம் முந்தைய தாளிலும் எழுதிவையுங்கள்.