மென்மையான இசைக்குழு என்று பெயரெடுத்து, உண்மையில் ராக்கில் அடித்து ஆடியவர்கள் யார்?

என் பதில், தயங்காமல்: ரிச்சர்ட், கேரன் என்ற அமெரிக்க அண்ணன்-தங்கையின் கார்பென்டர்ஸ். 1972-இல் வந்த அவர்களுடைய 'குட்பை டு லவ்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். காதல் சோகப் பாட்டின் நடுவே டோனி பெலூசோவின் ஃபஸ் கிட்டார் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கிய கிட்டார்) சீறிக்கொண்டு நுழையும். முதல் சில தாளக் கட்டங்களுக்குப் பாட்டின் மெட்டையே பின்பற்றிப் போய், பிறகு கட்டறுத்துக்கொள்ளும். அந்த மெட்டுதான் அதை ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல் காப்பாற்றுகிறது. கடைசியில் கோரஸ் குரல்களுக்கு மேல் அதே கிட்டார் திரும்ப வந்து, பாட்டு தேய்ந்து மறையும்வரை விடாது. அப்போதே சில ரசிகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள்.

அந்த ஒலி அவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கரகரப்பைத் தரும் ஃபஸ் பெடலை, ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) இல்லாமல் நேராக ஸ்டுடியோவின் மிக்சிங் கன்சோலில் (ஒலிக்கலவை மேசையில்) செருகிப் பதிந்தார்கள். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கரகரப்பை வடிகட்டிவிடும். இங்கே அந்த வடிகட்டல் இல்லை. வீட்டில் முயல்பவர்கள் பெடலின் டோன் குமிழைக் குறைத்துத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

கேரன் கார்பென்டர் பாடகி ஆகுமுன்பே டிரம்மர். 1976 தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பல டிரம் செட்டுகளுக்கிடையே ஓடி ஓடி அவர் வாசித்ததை அவசியம் பாருங்கள்.